எலியைக் காத்தார்கள், முயலைத் தொலைத்தார்கள்

2026 புத்தாண்டு நாளில் பெட்டி பூப்பின் முதல் கார்ட்டூன் அமெரிக்கப் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டது. உடனே ஆளாளுக்கு வாழ்த்து. 2024-ல் மிக்கி மவுஸின் ‘ஸ்டீம்போட் வில்லி’ விடுபட்டபோதும் இதே கொண்டாட்டம்தான். அதனால் விளைந்தது, எலி முகத்தோடு கொலைகாரன் திரியும் இரண்டொரு மட்டமான திகில் படங்கள். 95 ஆண்டுப் பூட்டு யாருக்காகப் போடப்பட்டது, பூட்டிய அறைக்குள் எத்தனை படங்கள் செத்தன என்று கேட்கத்தான் ஆளில்லை.

பழைய சட்டப்படி மிக்கி 56 ஆண்டுகளில், அதாவது 1984-லேயே, எல்லோருக்கும் பொதுவாகியிருக்க வேண்டும். 1976-ல் அதை 75 ஆண்டாக்கினார்கள். 1998-ல் மேலும் 20. ‘மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்’ என்று அப்போதே கேலி பேசினார்கள். சட்டம் 95 ஆண்டு கேட்கிறது. சுருள் அத்தனை நாள் தாங்குமா? அன்றைய நைட்ரேட் சுருள் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாமல் தப்பினாலும் பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புத் தூளாக உதிரும். அமெரிக்காவின் முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் மூல வடிவில் முழுதாக எஞ்சியிருப்பதாக அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-ல் கணக்குச் சொன்னது. பெரிய படங்களுக்கே இந்தக் கதி என்றால், அவற்றுக்கு முன்னால் ஓட்டிய ஐந்து நிமிடக் கார்ட்டூனை யார் சீந்தியிருப்பார்கள்?

ஆஸ்வால்டு முயலின் கதையைப் பாருங்கள். மிக்கிக்கு முன்பே, 1927-ல், டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் உருவாக்கியது அது. உரிமை யுனிவர்சலிடம் இருந்ததால் 1928-ல் டிஸ்னி முயலை விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேறினார். 2006-ல்தான் அது டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பியது; அதுவும் அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரை என்பிசிக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக! பண்டமாற்றில் பெயர் வந்து சேர்ந்தது. படங்களில் பலவற்றைக் காணோம்.

காணாமல் போனவை எங்கே கிடைத்தன? ‘எம்ப்டி சாக்ஸ்’ 2014-ல் நார்வே தேசிய நூலகத்தில். ‘ஸ்லே பெல்ஸ்’ 2015-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில். ‘நெக் அண்ட் நெக்’ 2018-ல் ஜப்பானில். ஒசாகாவின் பொம்மைச் சந்தையில் ஒரு பையன் 500 யென் கொடுத்து வாங்கி, எழுபது ஆண்டுகள் வீட்டில் வைத்திருந்த 16 மி.மீ. சுருள் அது. முயல் படத்தை மிக்கி படம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்! ஐந்து நிமிடத்தில் எஞ்சியது சுமார் இரண்டு நிமிடம். இந்த மூன்றில் ஒன்றுகூட உரிமைக்காரரின் கிடங்கிலிருந்து வரவில்லை.

உரிமை இருந்தால்தானே கம்பெனி செலவழித்துப் பாதுகாக்கும் என்பார்கள். காசு வராத படத்துக்குக் குளிரறை வாடகை கட்ட எந்த முதலாளிக்கு மனசு வரும்? பிளெய்ஷர் ஸ்டுடியோவில் தொடங்கிய 17 சூப்பர்மேன் கார்ட்டூன்களின் உரிமையைப் புதுப்பிக்க மறந்தார்கள். இன்று அவை திரும்பிய பக்கமெல்லாம் கிடைக்கின்றன. இதற்குமேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

பிரதியைப் பத்திரப்படுத்தியவர்களுக்கு என்ன மரியாதை? 1974-ல் நடிகர் ரோடி மெக்டவல் வீட்டுக்குள் பதிப்புரிமையின் பெயரால் எஃப்பிஐ புகுந்து, அவர் ஆசையாகச் சேர்த்திருந்த படங்களை அள்ளிக்கொண்டு போனது. இழந்த படங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர்களும் இப்படிப்பட்ட பைத்தியங்கள்தாம்.

எல்லா நாட்டுக்கும் 28 ஆண்டு போதும். அதற்கு மேல் உரிமை கேட்பவர், நல்ல பிரதி ஒன்றைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து கேட்கட்டும். ஒப்படைக்கப் பிரதி இல்லையென்றால் உரிமையும் இல்லை என்று சட்டத்தில் எழுதிவிடுங்கள்.