நாள் தள்ளும் மாத்திரை

பங்குனி ஆயில்யத்தன்று அரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து நம் உறையூருக்கு எழுந்தருளுவார். கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி நடைபெறும். அந்த ஒரு நாள் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் தெருப் பெண்கள் இரண்டு வாரம் முன்பே நாட்காட்டியைப் பார்த்து விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவர். "வர்றப்ப அந்த மாத்திரைய வாங்கிட்டு வந்துரும்மா" என்று என் அத்தை சொன்னார். மருந்துக் கடையில் பெயர் சொல்லவும் வேண்டியதில்லை. மருத்துவர் சீட்டைக் கேட்பாருமில்லை.

மாத்திரையின் பெயர் நார்எதிஸ்டிரோன். 1951இல் மெக்சிகோவில் உருவாக்கப்பட்டது. எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி, 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை உட்கொள்வது வழக்கம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வந்துவிடும்.

"கெட்ட இரத்தம் உள்ளே தங்கி மாரடைப்பு வரும்" என்பது ஒரு சாராரின் அச்சம். "அதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்பது மறு சாராரின் தைரியம். இரண்டையும் நான் ஏற்கவில்லை. மாதவிலக்கு இரத்தம் கெட்ட இரத்தமுமன்று. அது தள்ளிப்போவதால் இதயம் நோவதுமில்லை. இதயத்தைத் தொடுவது மருந்துதான். இரத்தக் குழாய்களைக் காக்கும் நல்ல கொழுப்பை இவ்வகை ஹார்மோன் குறைக்கிறது. ஐந்தாறு நாளில் அதனால் பெரிய கேடு வராது; நிறுத்தினால் பழைய அளவு திரும்பும். ஆனால் இம்மாத்திரையின் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளாக மாறுகிறது. இரத்தம் உறையும் தன்மையை அது கூட்டும். முன்பே கால் நரம்பில் இரத்தக்கட்டி கண்டவர்க்கு இது ஆகவே ஆகாது. மிகை இரத்த அழுத்தம் உள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது.

மாதக்கணக்கில் விலக்கை நிறுத்தும் மருந்துகளில் கொழுப்பைப் பற்றிய கேள்வி இன்னும் பெரிது. 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படும் 'அந்தரா' கருத்தடை ஊசியை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுவது. போடுவோரில் பலருக்கு நாளடைவில் விலக்கே நின்றுவிடும். பெரும்பாலோர்க்கு அது நல்ல மருந்துதான். ஆயினும் வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் என இதய நோய்க்கான காரணங்கள் பல ஒருங்கே உள்ளவர்க்கு, வேறு வழி இருக்குமாயின் இதைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நல்ல கொழுப்பு குறைவதும் அதற்கு ஒரு காரணம்.

அத்தைக்கு வயது நாற்பத்து மூன்று. கடைக்குப் போகாமல் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்த அழுத்தம் 170/110. அதுவரை அவருக்கே தெரியாது! மருத்துவர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சேர்த்திக்குப் போக முடியாத கோபத்தில் அத்தை என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்ற வாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. அதற்கு வேறு மேடை உண்டு. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவியரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த முகாமைப் பங்குனிக்கு முன்பே உறையூரில் வையுங்கள். இரத்த அழுத்தக் கருவி ஒன்றும், அதைப் பார்க்கத் தெரிந்த செவிலியர் ஒருவரும் போதும்; பெண்களை அழைத்து வரும் வேலையை என் அத்தையே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.