ஆட்டோவில் இருக்கா?

நான் சில காலம் கணக்கெழுதிய ஆபீஸ் (பெயர் வேண்டாம், இன்னும் பாக்கி வரவேண்டியிருக்கிறது) 7 மாடி. ஏ.ஸி., விளக்கு, பம்பு எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் கவனித்துக் கொள்ளும். ‘இனிமே மனுஷனே வேண்டாம்’ என்று எம்.டி. அடிக்கடி பெருமைப்படுவார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

மார்ச் கடைசி. ராத்திரி எட்டரை. பாலன்ஸ் ஷீட் டாலி ஆகவில்லை. கம்ப்யூட்டர் ஏழு மணிக்கே ஏ.ஸி.யை நிறுத்திவிட்டது. ஜன்னலோ திறக்க முடியாத கண்ணாடி. பாஸ்வேர்டு தெரிந்தவர் திருப்பதியில்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். “கம்ப்யூட்டர் கெடக்குது, வாங்க சார்” என்று ஏ.ஸி. ரூமுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஓர் இரும்புப் பெட்டி. அதில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஸ்விட்ச். ஹேண்ட், ஆஃப், ஆட்டோ என்று மூன்று நிலை. ஆட்டோ என்றால் மோட்டார் கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்கும். ஹேண்டில் வைத்தால் கம்ப்யூட்டர் என்ன கத்தினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆஃப் என்றால் கலெக்டரே வந்து சொன்னாலும் ஓடாது. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய மூளைக்கு மேலதிகாரி இந்த ஸ்விட்ச்! வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறார்கள். மூளை படுத்துவிட்டால் நாம் பிழைக்க வேண்டாமா?

அண்ணன் ஹேண்டுக்குத் திருப்பினார். குளிர் இல்லாவிட்டாலும் காற்று வந்தது. டாலியும் ஆனது. சந்தோஷத்தில் ஸ்விட்சை மறந்தே போனோம்.

மே மாதம் கரண்ட் பில்லைப் பார்த்ததும் பகீரென்றது. காலி நாற்காலிகளுக்கு ராப்பகலாகக் காற்று வீசியிருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் தினமும் ஏழு மணிக்கு ‘ஆஃப்’. அது தான் போட்ட உத்தரவைத்தான் காட்டும். மோட்டார் நிஜமாகவே நின்றதா என்று அறிய தனி ஒயர் இழுத்திருக்க வேண்டும். அந்தச் செலவை வெட்டியது யார் என்று பழைய ஃபைலில் பார்த்தேன். சொல்லமாட்டேன்.

பயந்துபோய் கட்டடத்தில் இருந்த எல்லா ஸ்விட்சையும் பார்த்துக்கொண்டே வந்தோம். பேஸ்மென்ட்டில் ஃபயர் பம்பு. தீப்பிடித்தால் ஸ்பிரிங்க்ளர் திறக்கும், குழாயில் பிரஷர் இறங்கும், உடனே பம்பு தானாகக் கிளம்ப வேண்டும்.

ஸ்விட்ச் ஆஃபில் இருந்தது.

“பைப் எங்கியோ ஒழுகுது சார். ராத்திரி திடீர் திடீர்னு ஓடுது” என்றார் செக்யூரிட்டி. இந்தப் பம்பு தானாகக் கிளம்பும். நிறுத்த மட்டும் ஆள் இறங்கி வரவேண்டும். தீ அணைந்ததா என்று அதற்குத் தெரியாதே! மூன்று மணிக்கு இறங்கி இறங்கி வந்த ஆள், இவர்.

“எத்தனை நாளா ஆஃப்?”

“தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து.”

மாடியில் தினம் 200 பேர். அண்ணன் ஒன்றும் பேசாமல் ஆட்டோவுக்குத் திருப்பினார். பம்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. மறுநாள் ஒழுகலை அடைத்த செலவு 340 ரூபாய். வவுச்சர் போட்டது நான்தான்.

இப்போது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், “ஃபயர் பம்பு ஆட்டோவில் இருக்கா?” என்று கேட்டுவிடுகிறேன். போன வாரம் ஒரு வாட்ச்மேன் ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார்:

“ஆட்டோல்லாம் உள்ள விடமாட்டோம் சார். கேட்டுக்கு வெளியதான் நிக்கும்.”