கோட்டோவியம் குறைந்த கலையா?

ஓவியம் என்றவுடன் நம் மனக்கண் முன் வண்ணங்கள்தாம் வந்து நிற்கின்றன. பென்சிலால் வரைந்த படத்தைக் கண்டால், "இன்னும் வண்ணம் தீட்டவில்லையா?" என்று கேட்கிறோம். கோட்டோவியம் என்பது வண்ண ஓவியத்தின் முதற்படி மட்டுமே என்று கருதுவது தவறு என்பது என் துணிபு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்களே இதற்குச் சான்று.

நாம் செய்முறை ஏட்டில் படம் வரையும் பென்சிலுக்கும் பிரான்சுக்கும் தொடர்பு உண்டு. போரினால் இங்கிலாந்திலிருந்து கிராஃபைட் வருவது தடைப்பட்டபோது, 1795இல் கோந்தே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சூளையிலிட்டுப் பென்சில் செய்தார். களிமண்ணின் அளவை மாற்றினால் பென்சிலின் கடினமும் மென்மையும் மாறும். அந்த எளிய குச்சி சாதித்தவை பல.

1815இல் நெப்போலியன் வீழ்ந்தபின், ரோம் நகரில் வாழ்ந்த ஓவியர் ஆங்க்ருவுக்கு வருவாய் குன்றியது. வயிற்றுப்பாட்டுக்காக அங்கு வந்த பயணிகளைப் பென்சிலால் வரைந்து கொடுத்தார். வரலாற்று ஓவியர் என்று பெயர் பெற விரும்பிய அவருக்கு அவ்வேலை தாழ்வாகவே தோன்றியது. இன்றோ, முகத்தை நுணுக்கமாகவும் ஆடையை இரண்டொரு கோடுகளாலும் காட்டும் அப்படங்கள் அவருடைய பெரிய ஓவியங்களுக்கு இணையாகப் போற்றப்படுகின்றன. அவர் தாழ்வென்று நினைத்ததே அவருக்குப் புகழ் சேர்த்தது!

கொரோ 1825 முதல் 1828 வரை இத்தாலியில் தங்கி, மரங்களையும் பாறைகளையும் நேரில் கண்டு வரைந்தார். உழவர் குடியில் பிறந்த மியே, 1849இல் பார்பிஸோன் என்னும் சிற்றூரில் குடியேறி, குனிந்து உழைப்போரின் முதுகையும் தோளையும் கறுப்புக் கட்டியால் தீட்டினார். அவற்றில் உழைப்பின் பாரம் தெரிகிறது. முப்பத்தொரு வயதில் மறைந்த செராவோ, சொரசொரப்பான தாளில் கறுப்பைத் தேய்த்து, புறக்கோடே இல்லாமல் உருவங்களை எழுப்பினார். தாளின் வெண்மையே அங்கு ஒளியாயிற்று.

வண்ணம் வேண்டாம் என்பதன்று என் வாதம். வண்ணத்தின் தலைவராகப் போற்றப்பட்ட தெலாக்ருவாவும் 1832இல் மொராக்கோ சென்றபோது ஏடு ஏடாக வரைந்து குவித்தார். பல்லாண்டுகள் அவருடைய ஓவியங்களுக்கு அவ்வேடுகளே ஊற்றாயின.

வண்ணம் கண்ணைக் கவரும். கோடு கண்ணைப் பழக்கும். ஒரு மரத்தை வரைய முனைந்தால்தான், இத்தனை நாள் அதை நாம் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது புரியும். மதிப்பெண்ணுக்காக மட்டும் பென்சிலைத் தொடும் நாம், நாளை நம் கல்லூரி வளாகத்து மரம் ஒன்றின் முன் அரைமணி நேரம் அமர்ந்து வரைந்து பார்ப்போம். படம் நன்றாக அமையாமற் போகலாம். பார்வை நிச்சயம் தெளியும்.