வினாத்தாளுக்கு முன்னும் பின்னும்

"போட்டிப் பரீட்சை இருக்கிறது. புள்ளி எடுத்தவர் உத்தியோகத்துக்கு வருகிறார். இதில் தமிழர் என்ன, சிங்களவர் என்ன, பெண் என்ன, ஆண் என்ன?" இலங்கையில் அரச நியமனங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே எழுகிறது. கேட்பவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. திறமைக்கு மதிப்பு வேண்டும் என்பது அவர்கள் ஆசை. என் ஆசையும் அதுதான். ஆனாலும் இந்த வாதம் பரீட்சை மண்டபத்துக்குள் நடக்கும் மூன்று மணி நேரத்தை மட்டுமே பார்க்கிறது.

பரீட்சை எல்லோருக்கும் பொது என்பது முதல் கூற்று. யார் அந்த எல்லோரும்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜையல்லாதவருக்கு அரச சேவையில் இடமில்லை. 1964இல், அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எஞ்சியவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு முடிந்தது. அரை நூற்றாண்டு! பாட்டனும் தந்தையும் விண்ணப்பப் படிவத்தைத் தொடவே முடியாதிருந்த வீட்டுப் பிள்ளையும், மூன்று தலைமுறையாகக் கச்சேரி உத்தியோகம் பார்த்த வீட்டுப் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். தாள் ஒன்றுதான். அதற்குமுன் அவர்கள் நடந்துவந்த தூரம் ஒன்றல்ல.

பரீட்சையில் தேறி உள்ளே வந்துவிட்டால் பிறகு எல்லாரும் சமம் என்கிறார்கள். இதற்குக் கோடீஸ்வரனின் வழக்கைவிடத் தெளிவான பதில் இல்லை. செல்லையா கோடீஸ்வரன் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே சேவையில் சேர்ந்தவர். பின்னர் வந்த சுற்றறிக்கை, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாதவருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்றது. அவர் அந்தப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: அந்தச் சட்டம், சிறுபான்மையினரைக் காத்த அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறுகிறது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்விக்குள் போகவில்லை. அரச ஊழியர் சம்பளம் கேட்டு வழக்காட முடியாது என்று கூறித் தீர்ப்பை மாற்றியது. முடியும் என்று 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் சொல்லி, மொழிக் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இறுதித் தீர்ப்பு வரவேயில்லை. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பில் அந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்பே இல்லை.

அவருக்குத் திறமை குறைந்துவிட்டதா? நேற்றுவரை பார்த்த அதே வேலையைத்தான் இன்றும் பார்த்தார். வேலை மாறவில்லை, விதி மாறியது.

பெண்களுக்கும் இப்படித்தான். பக்கத்து நாட்டில் சி.பி. முத்தம்மா போட்டிப் பரீட்சையில் தேறி 1949இல் இந்திய வெளியுறவுச் சேவையில் சேர்ந்த முதற்பெண். பெண் அதிகாரி மணம் முடிக்க அரசின் எழுத்து மூல அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம் என்று அந்தச் சேவையின் விதி சொன்னது. பதவி உயர்வு மறுக்கப்பட்டு அவர் உச்ச நீதிமன்றம் போனபோது, 1979இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் இவ்வகை விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். குடும்பம் ஆணுக்கும் உண்டுதானே?

அடுத்தது, சற்றுக் கனமான வாதம். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழர் தங்கள் விகிதத்துக்கு மேல் உத்தியோகம் பெற்றிருந்தார்கள், 1956 அதைச் சரிசெய்தது என்பது. முதற்பாதி உண்மை, மறைக்கத் தேவையில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலை என்று அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியை ஊன்றியது. வற்றாத ஆறில்லாத வறண்ட மண்ணில் படிப்பும் உத்தியோகமுமே பலருக்கு வயலாயின. ஆனால் அந்த வாய்ப்பு மட்டக்களப்புக்கோ வன்னிக்கோ தோட்டங்களுக்கோ அதே அளவில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலேயே ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கிடைக்கவில்லை. சிங்களக் கிராமங்களுக்கும் நல்ல பாடசாலைகளைத் திறந்து அந்தச் சமமின்மையைத் தீர்த்திருக்கலாம். ஒருவர் மொழியை அலுவலகத்திலிருந்து வெளியேற்றியது, அந்த உத்தியோகங்களைக் கனவிலும் கண்டிராத தமிழர்களையும் சேர்த்துத்தான் தண்டித்தது.

அரச அலுவலகம் எங்கும் இன்று பெண்கள்தானே என்பதற்கு நீண்ட பதில் வேண்டாம். ஆசிரியர் சேவையில் பெண்களே பெரும்பான்மை. எண்ணிக்கையை வகுப்பறையில் எண்ணிவிட்டு, முடிவெடுக்கும் மேசையைப் பற்றிப் பேசக்கூடாது. போட்டிப் பரீட்சைகளுக்கு வயதெல்லை உண்டு. அந்த வயதில்தான் பிள்ளைப்பேறும் வருகிறது. கஷ்டப் பிரதேசத்துக்கு இடமாற்றக் கடிதம் வந்தால் கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள்? 1978ஆம் ஆண்டு யாப்பின் 12(4) உறுப்புரை பெண்களின் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று அனுமதிக்கிறது. அந்த வழியில் அதிகம் நடக்கத்தான் யாருமில்லை.

கடைசியாக, சிறப்பு ஏற்பாடு செய்தால் சேவையின் தரம் கெட்டுவிடும் என்ற அச்சம். எனக்கு மிகவும் வலிப்பது இந்த வாதம்தான். அரச சேவையின் தரம் என்றால் என்ன? எதிரே நிற்பவர் சொல்வது விளங்குவதுதானே அதன் தொடக்கம்? நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்த உத்தியோகத்தர் ஐந்து ஆண்டுக்குள் மற்ற மொழியிலும் தேற வேண்டும் என்று அரசின் சுற்றறிக்கையே சொல்கிறது. இது இரு தரப்புக்கும் பொதுவான விதி, நல்ல விதி. கற்றுக்கொண்டு வரும் ஒவ்வொருவரையும் நான் மதிக்கிறேன். ஆனால் தாய்மொழியாகவே தமிழைக் கொண்டுவரும் ஒருத்தியின் அந்தத் தகுதிக்கு எந்த வினாத்தாளில் புள்ளி இருக்கிறது?

பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று 2011இல் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவே பரிந்துரைத்தது. அப்படி ஒருவர் இல்லாத நிலையத்துக்கு, அடிபட்ட ஒரு பெண் இரவில் போகிறாள். அவள் தமிழில் சொல்கிறாள். அவர்கள் சிங்களத்தில் எழுதுகிறார்கள். எழுதியது என்ன என்று அவளுக்குத் தெரியாது. கீழே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.