கரையில் கயிறு பிடிப்பவர் யார்?

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் தங்கள் உயிரை ஒரு கயிற்றில் கட்டி, அக்கயிற்றின் மறுநுனியை இன்னொருவர் கையில் ஒப்புவித்த பின்னரே நீரில் இறங்கினார்கள். கல்லில் கால் ஊன்றிப் பல பாகம் ஆழத்திலுள்ள பாருக்குச் சென்று, ஒரு நிமிஷ நேரம் மூச்சடக்கிச் சிப்பி வாரி, கயிற்றைச் சுண்டியதும், படகிலிருப்பவன் கணமும் தாமதியாமல் இழுத்தாக வேண்டும். அவன் கண்ணயர்ந்தால் குளித்தவன் பிணம். ஆகையால் கயிறு பிடிக்க மைத்துனனையே நிறுத்துவது வழக்கமென்று இக்கரையில் இன்றும் சொல்லக் கேட்கிறோம். தன் உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றில் தொங்குவதை அவன் மறக்கமாட்டான் அல்லவா?

சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பு இங்கே 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் அத்தொழில் கற்பித்த பாடம் நிற்கலாகாது. அதனை இன்று நினைவூட்ட ஒரு காரணம் உண்டு. கயாக் என்றும் கனோ என்றும் சொல்லப்படும் சிறு துடுப்புப் படகுகள் நம் கடற்கரைக்கு வந்துவிட்டன. ஒருவரோ இருவரோ அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பால் வலிப்பது கயாக். ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்துவது கனோ. ராமநாதபுரம் ஜில்லாவின் காரங்காட்டில், அலையாத்திக் காட்டினூடே இத்தகைய படகுகளில் செல்ல வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கின்றனர். மன்னார் வளைகுடாவின் அமைதியான நீரை நாடி வருவோர் தூத்துக்குடியையும் விட்டுவைக்கவில்லை.

இதை நாம் வரவேற்கிறோம். கட்டுமரத்தை உலகுக்கு அளித்த மக்களின் பிள்ளைகள் கடலைக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களாக இருப்பது பெருமையன்று. உடல் வலிமையும் உள்ளத் துணிவும் தரும் விளையாட்டு இது. எனினும், விளையாட்டு நிலையம் திறப்பது வேறு. அதைச் செம்மையாக நடத்துவது வேறு. பத்துப் படகும் இருபது மிதவைச் சட்டையும் வாங்கிவிட்டால் நிலையம் ஆகிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை.

தூத்துக்குடிக் கடலில் அஞ்சத்தக்கது அலை அன்று, காற்று. கிழக்கு நோக்கிய கரை இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, நிலத்தைக் கடந்து கடலை நோக்கிப் போகிறது. அக்காலத்தில் கரையோரம் குளம் போல் தெளிந்து கிடக்கும். புதிதாக வந்தவர் அதைக் கண்டு, இதைவிடப் பத்திரமான இடம் உண்டோ என்று மகிழ்வார். படகில் ஏறுவார், துடுப்பை மெல்ல அசைத்தாலே படகு பறக்கும். தம் கைத்திறனே அது என்று எண்ணிக் களிப்பார். திரும்ப முயலும்போதுதான் உண்மை விளங்கும். பொழுது ஏற ஏறக் காற்றும் ஏறும். கரையை விட்டு விலக விலக அலையும் உயரும். பழக்கமில்லாதவர் அமைதியான நீரிலேயே மணிக்கு நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் வலிக்கமாட்டார். எதிர்காற்றில், களைத்த கையோடு அவரால் என்ன செய்ய முடியும்? கரையை நோக்கி வீசும் காற்று, கவிழ்ந்தவனைக் கரையில் எறிந்துவிடும். கரையிலிருந்து வீசும் காற்றோ அவனை நடுக்கடலுக்குக் கொண்டுபோகும். நம் மீனவர் இதைச் சிறு வயதிலேயே அறிவர். கட்டணம் வாங்கிப் படகு விடும் முதலாளி அறிவாரா என்பதே கேள்வி.

இதே காற்று இங்கிலாந்தில் என்ன செய்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1993-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி, பிளிமத் நகரப் பள்ளி மாணவர் எண்மரும் ஆசிரியர் ஒருவரும் லைம் விரிகுடாவில் கயாக் ஓட்டச் சென்றனர். விளையாட்டு நிலையத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் இருவர் உடன் சென்றனர். புறப்பட்ட சிறிது நேரத்தில் ஆசிரியரின் படகு மீண்டும் மீண்டும் கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவருக்கு உதவி செய்ய நின்றார்; மற்றவர் மாணவர்களோடு இருந்தார். கரையிலிருந்து வீசிய காற்று மாணவர்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போயிற்று. படகுகளில் நீர் நிரம்பியது. அபாய வெளிச்சம் காட்டும் சாதனம் எவரிடமும் இல்லை. துணைக்கு மோட்டார்ப் படகும் இல்லை. நண்பகலில் திரும்பவேண்டியவர்கள் திரும்பாதபோதும், கடலோரக் காவலருக்குச் செய்தி போக மணிக்கணக்கில் தாமதமாயிற்று. குளிர்ந்த நீரில் மாணவர் நால்வர் மாண்டனர்.

பயிற்சியாளர் இருவருக்கும் தொடக்க நிலைத் தகுதிக்கு மேல் ஏதும் இல்லை என்பது விசாரணையில் வெளியாயிற்று. அதனினும் கொடியது மற்றொன்று. அந்நிலையத்தில் முன்னர் வேலை பார்த்த இருவர், பாதுகாப்பு போதாது என்று சில மாதங்களுக்கு முன்பே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தனர். அக்கடிதத்தை மதித்தார் இல்லை. 1994-இல் கம்பெனியும் அதன் நிர்வாக இயக்குநரும் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். இயக்குநர் சிறை சென்றார். அந்நாட்டில் ஒரு கம்பெனி அவ்விதம் தண்டனை பெற்றது அதுவே முதல் தடவை. 1995-இல் பார்லிமெண்டு தனிச் சட்டம் செய்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் பெற்று இத்தகைய விளையாட்டுக்களை நடத்துவோர், பரிசோதனைக்கு உட்பட்டு லைசென்ஸ் பெற்றாக வேண்டும் என்பது அதன் சாரம். நான்கு பிள்ளைகளின் சவத்தின் மேல் எழுந்த சட்டம் அது. நாமும் அவ்வாறே காத்திருக்க வேண்டுமா?

காத்திருந்தது போதும் என்று சொல்ல நம் நாட்டிலேயே சாட்சிகள் உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். 2017 பிப்ரவரி 26 அன்று நம் தூத்துக்குடி ஜில்லாவிலேயே, மணப்பாட்டுக்கு அருகே, உல்லாசமாகக் கடலைப் பார்க்கச் சென்றவர்களின் படகு கவிழ்ந்தது. குறைந்தது ஒன்பது பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹரணி ஏரியில் மாணவர் 12 பேரும் ஆசிரியைகள் 2 பேரும் மூழ்கினர். படகில் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தனர், மிதவைச் சட்டை எல்லோருக்கும் அணிவிக்கப்படவில்லை. இவை கயாக் அல்ல, பெரும் படகுகள் என்று சிலர் கூறலாம். மெய்தான். ஆனால் குற்றம் ஒன்றே. படகில் ஏறுவோரிடம் பணம் வாங்க ஆள் இருந்தான். ‘இன்று போகக்கூடாது, இத்தனை பேர் ஏறக்கூடாது’ என்று சொல்ல அதிகாரமுள்ள ஆள் இல்லை.

இங்கேதான் முத்துக்குளிப்பின் பாடம் பயன்படுகிறது. கரையில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் கையில் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். இத்தனை பேர் போயினர், இத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிவைத்து, தலை எண்ணி அனுப்பித் தலை எண்ணி வாங்க வேண்டும். குறித்த நேரம் தவறினால் யாரையும் கேட்காமல் உடனே கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணையும், கடலோரப் போலீஸின் 1093 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்பது கொலைகாரச் சொல். காணாமற்போனவர் இருக்கக்கூடிய நீர்ப்பரப்பு நேரத்தோடு விரிகிறது. தாமதம் இரு மடங்கானால் தேடவேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலை சில நூறு கெஜத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாது.

அவருக்குத் துணையாக, எண்ணெய் நிரப்பி ஆள் ஏறிய மோட்டார்ப் படகு ஒன்று, பிள்ளைகள் நீரில் உள்ள நேரமெல்லாம் தயாராக நிற்க வேண்டும். பழக்கமற்றோர் ஆறு அல்லது எட்டுப் பேருக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும். ஒருவர் கவிழ்ந்தவரைக் கவனிக்கும்போது மற்றக் கூட்டத்தைக் காக்க இன்னொருவரும், உதவிக்கு அழைக்கும் சாதனமும் வேண்டும். லைம் விரிகுடாவில் கூட்டம் இரண்டாகப் பிரிந்ததும் எல்லாம் கெட்டது. ஏறுமுன் ஒவ்வொருவரும் மார்பளவு நீரில் கவிழ்ந்து வெளிவரப் பழக வேண்டும். கவிழ்ந்தால் படகைப் பற்றிக்கொள்க, கரைக்கு நீந்த முயலற்க என்பதை மனத்தில் ஊன்ற வேண்டும். மிதவைச் சட்டை உடம்புக்குப் பொருந்தி, வார் இறுக்கப்பட்டு, ஊதலோடு இருக்க வேண்டும். வ. உ. சி. துறைமுகத்துக் கப்பல் வழியையும், வான் தீவு முதலிய தேசியப் பூங்காத் தீவுகளையும் நெருங்காதபடி எல்லைக் கொடி நடப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் காற்றில் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைக்க வேண்டும். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையம் அலை, காற்று பற்றிய அறிவிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. பரதவர் முதியவர் ஒருவர் வானத்தைப் பார்த்துச் சொல்வதும் அதற்குக் குறைந்ததன்று. இரண்டையும் கேட்டு, நிறுத்தும் அதிகாரத்தைக் கரையில் நிற்பவருக்கே தர வேண்டும். கட்டணப் பெட்டியைக் காப்பவருக்குத் தரலாகாது. வெளியூரிலிருந்து ஒரு பஸ் நிறைய மாணவர் வந்து காத்து நிற்கையில், பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வருவது எளிதன்று. அந்தச் சோதனைக்கு எவரையும் உட்படுத்தாமலிருப்பதே விதியின் பயன்.

இதற்குச் சிலர் ஆட்சேபம் கூறுவர். நம் கடல் இங்கிலாந்துக் கடல் போல் குளிர்ந்ததன்று, ஆதலால் அபாயமும் குறைவு என்பர். குளிர் கொல்லாது, ஆனால் வெயிலும் தாகமும் களைப்பும் கொல்லும். கடல் அமைதியாகத் தோன்றுவதே அபாயம் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி ஜில்லாவின் லெமூர் கடற்கரையில், தொலைவிலிருந்து வந்த கள்ளக்கடல் அலை மருத்துவ மாணவர் ஐவரை வாரிச் சென்றது. எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. 

லைசென்ஸ் என்றால் லஞ்சம். சிறு முதல் போட்டுப் பிழைக்க வரும் மீனவ இளைஞரை அது நசுக்கிவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது அற்ப வாதமன்று. ஆனால் விதி இல்லாத இடத்தில் வெல்பவர் யார்? அதிகக் குத்தகை கொடுப்பவரே. முதல் விபத்து நேர்ந்ததும் சர்க்கார் எல்லாவற்றையும் மூடும். அப்போது பட்டினி கிடப்பது அவ்விளைஞரே. ஆகையால் விதியும் வேண்டும். அவ்விதியை நிறைவேற்றும் தகுதியை நம் இளைஞருக்கு அளிக்கவும் வேண்டும். கோவாவில் மத்திய சர்க்காரின் தேசிய நீர் விளையாட்டு நிலையம் உயிர் காக்கும் பயிற்சியும் படகு செலுத்தும் பயிற்சியும் அளிக்கிறது. திரேஸ்புரத்திலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் இளைஞர்களைச் சர்க்கார் செலவில் அங்கே அனுப்பினால் என்ன? காற்றை அறிந்தவன் விதியையும் கற்றால், அவனைப் போன்ற பயிற்சியாளன் வேறெங்கும் கிடைக்கமாட்டான். இல்லையேல், நம் கடலில் பிறர் முதலாளிகளாக, நம்மவர் படகு துடைப்பவர்களாக நிற்கும் காலம் வரும்.

முத்துக்குளிப்புக் காலத்தில் சுறா வாய் கட்டும் கடற்கட்டிக்கு அன்னிய சர்க்காரே கூலி கொடுத்தது. மந்திரத்தில் அதற்கு நம்பிக்கை இருந்ததென்பதன்று. அவனில்லாமல் எவனும் நீரில் இறங்கமாட்டான் என்பதை அது அறிந்திருந்தது. நீரில் இறங்குபவனின் பிடிவாதமே அவனுக்குக் காவலாயிற்று. அதே பிடிவாதம் இன்று நம் பெற்றோருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் வேண்டும். ஜில்லா நிர்வாகமும் மாநகராட்சியும் துறைமுகமும் கடலோரப் போலீஸும் ஒருங்கு கூடி விதிகளை வகுக்கட்டும். ஒவ்வொரு நிலையத்தின் வாயிலிலும் ஒரு கரும்பலகை தொங்கட்டும். அன்றைய காற்றும், கரைப் பொறுப்பாளரின் பெயரும், நீரில் உள்ளோர் தொகையும் அதில் எழுதப்படட்டும். பலகை வெறுமையாக இருந்தால் பிள்ளையைப் படகில் ஏற்றாதீர்கள். கிராம சபையிலும் மாநகராட்சிக் கூட்டத்திலும் ஊழியர்கள் எழுந்து கேட்கவேண்டியது ஒரே கேள்விதான்: கரையில் கயிறு பிடிப்பவர் யார்? பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.