படகு வாங்கிட்டுப் போயிடலாம்னு சொல்றவங்களுக்கு

பிளேஸ்மென்ட் சீசன் நடுவுல என் ரூம்மேட் ஒரு ரீல் அனுப்பினான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கால்வாய். அதில் ரயில் பெட்டி மாதிரி ஒல்லியா, நீளமா ஒரு படகு. உள்ளே விறகு அடுப்பு, ஒரு கட்டில், ஜன்னலுக்கு வெளியே வாத்து. நம்மைவிட நாலைந்து வயசு மூத்த ஒரு ஜோடி, கூரை மேல உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். வேலையை விட்டாச்சு, வாடகை இல்லை, நினைச்ச இடத்துக்குப் போகலாம் என்று சொல்கிறார்கள். அவன் அதை அவனோட ஆளுக்கும் அனுப்பியிருக்கான். "போலாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்திருக்கு. அன்றிலிருந்து எங்கள் ரூமில் அந்தப் படகும் ஒரு ஆளாகக் குடியிருக்கிறது.

படகு வீடு என்றால் நமக்கு ஆலப்புழா டூர்தான் ஞாபகம் வரும். ஒரு ராத்திரி தங்கி, கரிமீன் சாப்பிட்டு, போட்டோ எடுத்துட்டு வர்ற விஷயம். இது வேற. இது முகவரியே தண்ணியில் இருக்கிற வாழ்க்கை.

நான் இந்த ஆசையைக் கிண்டல் பண்ண வரல. ரெண்டு வருஷம் பாண்ட் போட்ட ஆஃபர் லெட்டர் கையில் இருக்கும்போது யாருக்கும் இப்படித் தோணும். எனக்கும் தோணுச்சு. எனக்குச் சண்டை, அவர்கள் உபயோகிக்கிற ஒரு வார்த்தையோடதான்: "தப்பிச்சுப் போயிடலாம்." படகு தப்பிச்சுப் போகிற இடமே கிடையாது. யாரையும் நம்பாமல் வாழ ஒரு இடம் வேணும்னு தேடினா, நான் கடைசியாகச் சொல்கிற இடம் கால்வாய்ப் படகுதான். இதை நான் சும்மா சொல்லல. நம்ம மாதிரி ஒரு இன்ஜினியரும் அவர் மனைவியும் 1939-லேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அவர் பெயர் எல்.டி.சி. ரோல்ட். பிற்பாடு புரூனல், டெல்ஃபோர்ட் மாதிரி பெரிய இன்ஜினியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிப் பெயர் வாங்கியவர். ஆனால் ஆரம்பத்தில் அவர் கெர் ஸ்டூவர்ட் என்ற லோகோமோட்டிவ் கம்பெனியில் ஒரு அப்ரென்டிஸ், அவ்வளவுதான். 1930-ல் அந்தக் கம்பெனி திவாலாகி மூடிவிட்டது. அப்போ அவருக்கு இருபது வயசு. அதே வருஷம்தான் அவர் மாமா ஒருவர் வாங்கியிருந்த 'கிரெஸி' என்ற பழைய மரப் படகில் முதல் முறையாகக் கால்வாய்ப் பயணம் போனார். சரக்கு ஏற்றின படகு அது. மாமாவும் இன்ஜினியர் என்பதால் அதில் ஸ்டீம் எஞ்சின் மாட்டிப் பார்த்தார். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு ஃபோர்டு மாடல் டி காரின் எஞ்சினை வைத்தார். கார் எஞ்சினில் ஓடும் படகைப் பார்த்த இருபது வயசு மெக்கானிக் என்ன ஆகியிருப்பார்னு நான் சொல்லணுமா?

ஒன்பது வருஷம் அந்த ஆசையை மனசில் வைத்திருந்து, கடைசியில் கிரெஸியைத் தானே வாங்கினார். ஏஞ்சலா என்ற பெண்ணுக்கும் அதே ஆசை. ஏஞ்சலாவின் அப்பாவுக்கு மாப்பிள்ளையும் பிடிக்கல, படகும் பிடிக்கல. அதைப் பார்த்துக்கொண்டு இருவரும் நிற்கவில்லை. பான்பரி ஊரில் டூலி குடும்பத்தின் படகுப் பட்டறையில் கிரெஸியை வீடாக மாற்றினார்கள். குளிக்கத் தொட்டிகூட உண்டு. 1939 ஜூலையில் கல்யாணம், அதே மாசக் கடைசியில் பயணம். செப்டம்பரில் உலகப் போர்.

இங்கேயே "தப்பித்தல்" கதை உடைஞ்சு போகுது. கிளம்பி ஆறு வாரம்கூட ஆகல, உலகம் படகுக்கே வந்து கதவைத் தட்டிவிட்டது. ரோல்ட் க்ரூ நகரில் ரோல்ஸ் ராய்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனார். ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கான மெர்லின் எஞ்சின் செய்கிற இடம். நம்ம கிளாஸில் பாதிப் பேர் கனவு காண்கிற வேலை. அவருக்கு அந்த ஃபேக்டரி வாழ்க்கை சுத்தமாகப் பிடிக்கல, சீக்கிரமே விட்டுட்டார். பிறகு அரசாங்க வேலை ஒன்று கிடைத்தது. அதற்காக 1941-லிருந்து கிட்டத்தட்ட ஐந்து வருஷம் டார்டிபிக் என்ற இடத்தில் படகைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். நினைச்ச இடத்துக்குப் போகிற வீடு, ஐந்து வருஷம் ஒரே இடத்தில்!

டார்டிபிக் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், என் வாதமே அங்கேதான் இருக்கு. அங்கே வரிசையாக 30 லாக் இருக்கின்றன. லாக் என்றால் தண்ணீருக்கான படிக்கட்டு. ரெண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடி, மேலிருந்து தண்ணீர் விட்டால் படகு உயரும். முன்கதவைத் திறந்து அடுத்த படிக்குப் போகலாம். 18-ஆம் நூற்றாண்டில் செலவைக் குறைக்க இந்த லாக்குகளைச் சுமார் 7 அடி அகலத்துக்குத்தான் கட்டினார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்தப் படகுகள் அவ்வளவு ஒல்லி. படகு அழகுக்காக ஒல்லியா இல்லை, லாக்கில் நுழையணும் என்பதற்காக ஒல்லியா இருக்கு.

ஒரு படகு ஒரு லாக்கைத் தாண்டினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல தண்ணீர் ஒரு படி கீழே இறங்கும். அது திரும்பி மேலே வராது. உச்சியில் ஒரு ஏரி வேண்டும், அந்த ஏரிக்கு ஒரு கரை வேண்டும், அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கால்வாயின் அடியில் சேறு சேரும், அதை வாரணும். லாக் கதவுகள் ஓக் மரம், ஆயுள் சுமார் 25 வருஷம். இன்றைக்கும் பிராட்லி, ஸ்டான்லி ஃபெர்ரி என்ற ரெண்டு பட்டறைகளில் அவற்றைச் செய்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் லாக்கை வடித்து, பழைய கதவைத் தூக்கி, புதுசை இறக்குகிறார்கள். ரீலில் இருக்கும் அந்த ஜோடி டீ குடிக்கிற அந்த அரை நிமிஷம் அசையாமல் நிற்கிற தண்ணீர், அத்தனை பேரோட வேலை.

1940-களில் இந்த வேலையைச் செய்ய யாருக்கும் விருப்பம் இல்லை. பல கால்வாய்கள் ரயில்வே கம்பெனிகள் கையில் இருந்தன. தன் போட்டியாளரை எந்தக் கம்பெனி பராமரிக்கும்? 1944 கடைசியில் ரோல்டின் 'நேரோ போட்' புத்தகம் வந்தது. படங்கள் ஏஞ்சலா எடுத்தவை. (புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.) அதைப் படித்துவிட்டு ராபர்ட் ஐக்மன் என்ற எழுத்தாளர் கடிதம் போட்டார், டார்டிபிக்கில் படகிலேயே சந்தித்தார்கள், 1946-ல் இன்லேண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் பிறந்தது. ஐக்மன் தலைவர், ரோல்ட் செயலாளர். ஊர் உலகத்தை விட்டுப் படகில் போன ஆள், கடைசியில் மனு எழுதுகிற, மீட்டிங் போடுகிற, உறுப்பினர் சந்தா வசூலிக்கிற ஆளாகிவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1947 மே மாசம் நடந்ததுதான். ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயில் லிஃபோர்ட் லேன் என்ற இடத்தில் தூக்குப் பாலம் ஒன்று பழுதாக, ரயில்வே கம்பெனி அங்கே தாழ்வான ஒரு இரும்புப் பாலத்தைப் போட்டு வழியையே அடைத்துவிட்டது. ஆனால் படகு போகிற உரிமை சட்டத்தில் அப்படியே இருந்தது. நாடாளுமன்ற மேல்சபையில் கேள்வி எழுப்பினார்கள். முன்கூட்டியே தகவல் கொடுத்தால் பாலத்தைத் தூக்கித் தருவோம் என்று பதில் வந்தது. யார் வரப்போறாங்கன்னு நினைத்திருப்பார்கள். ரோல்ட் உடனே தகவல் கொடுத்துவிட்டு கிரெஸியை ஓட்டிக்கொண்டு போனார். சேறு, பாசி, ப்ரொப்பெல்லரில் சுற்றின குப்பை எல்லாவற்றையும் தாண்டி வந்தால், ரயில்வே ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்! கிரெஸி கீழே நுழைந்து போனது. ஒரு குடும்பத்தின் வீடு, தன் வழியைத் தானே வழக்காடி வாங்கினது மாதிரி.

அதே கால்வாய்களில் அப்போ வேற குடும்பங்களும் இருந்தன. ரோல்ட் தம்பதிக்குப் படகு முழுசும் வீடு. சரக்குப் படகுக்காரர்களுக்கு முழு நீளமும் நிலக்கரி. பின்பக்கம் பத்தடி நீளம், ஏழடிக்கும் குறைவான அகலத்தில் ஒரு கேபின், அதில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து கூலி குறைந்தபோது, கரையில் வாடகை கட்ட முடியாமல் குடும்பத்தோடு படகேறியவர்களின் வம்சம் பலர். படகு ஓடிக்கொண்டே இருந்ததால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அவர்கள் யாரும் படகில் வாழ ஆசைப்பட்டு வரவில்லை. ரோல்ட் அவர்கள் மேல் நிஜமான மரியாதை வைத்திருந்தார், ஆனால் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. ஒருத்தர் தேர்ந்தெடுத்து வாழ்வதும் இன்னொருத்தர் வேற வழியில்லாமல் வாழ்வதும் ஒரே படகில் இருந்தாலும் ஒரே வாழ்க்கை இல்லை. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து போனதோடு அந்தச் சரக்குத் தொழிலும் அநேகமாக முடிந்துபோனது.

கிரெஸி கதையின் முடிவும் ரீல் மாதிரி இல்லை. எல்லாக் கால்வாயையும் காப்பாற்றியே தீரணும் என்றார் ஐக்மன். முதலில் எதைக் காப்பாற்ற முடியும் என்று பார்த்து, படகுக்காரர்களின் பிழைப்பையும் யோசிக்கணும் என்றார் ரோல்ட். சண்டை முற்றி, 1951-ல் தான் ஆரம்பித்த சங்கத்திலிருந்தே ரோல்ட் நீக்கப்பட்டார். அதே வருஷம் கிரெஸியின் மர உடலும் இனி தாங்காது என்ற நிலைக்கு வந்தது. அதே வருஷம்தான் அவர்களும் பிரிந்தார்கள். ரோல்டுக்குக் கரையேறி ஒரு இடத்தில் நிலைக்கணும் என்று தோன்றியது, வேல்ஸில் டாலிலின் என்ற சின்ன ரயில் பாதையைக் காப்பாற்றும் வேலைக்குப் போனார். ஏஞ்சலாவுக்குப் பயணம் போதவில்லை. பில்லி ஸ்மார்ட் சர்க்கஸில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்.

இதைச் சொன்னபோது என் ரூம்மேட் "பார்த்தியா, படகால பிரிஞ்சுட்டாங்க" என்றான். எனக்கு அப்படித் தோணல. பன்னிரண்டு வருஷம் ஒரே ஆசை ரெண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்தது. அப்புறம் ஒருத்தருக்கு ஆசை மாறியது, இன்னொருத்தருக்கு மாறல. ஃப்ளாட் வாங்கியிருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே இன்னும் இருபது வருஷம் ஆகியிருக்கும், நடுவில் இ.எம்.ஐ. வேற.

இப்போதைய கணக்குக்கு வருவோம். இன்றைக்கு அந்தப் படகுகள் ஸ்டீல். துரு பிடிக்காமல் இருக்க ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மேலே தூக்கி, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு கோட்டிங் அடிக்கணும். கூடவே மெக்னீசியம் ஆனோடு, நாம ரெண்டாவது செமஸ்டரில் படித்து மறந்த அதே கரோஷன் பாடம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்புச் சான்றிதழ். விறகு அடுப்பு இருப்பதால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். டாய்லெட் டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு போய் அதற்கென்று இருக்கிற இடத்தில் கொட்டணும், அதை ரீலில் யாரும் காட்டுவதில்லை. நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாதவர்கள், 1995-ஆம் வருஷச் சட்டப்படி பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. நினைச்ச இடத்துக்குப் போகலாம் என்பது பாதி உண்மை. நினைக்காவிட்டாலும் போகணும் என்பது மீதி.

2012-லிருந்து இந்தக் கால்வாய்களில் பெரும்பகுதியை, கிட்டத்தட்ட 2,000 மைல், கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. 2027-லிருந்து அரசாங்க மானியம் வருஷா வருஷம் குறையும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதனால் லைசன்ஸ் கட்டணம் ஏறுகிறது. 2024 ஏப்ரலிலிருந்து, நிலையான இடம் இல்லாமல் சுற்றுகிற படகுகளுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் வேற. அதை எதிர்த்துப் போராட்டமும் நடக்கிறது. இதில் நான் எந்தப் பக்கம் என்றால், லாக் கதவுக்குக் காசு யாராவது கொடுத்தாகணும், படகில் வாழ்பவர் அதில் பங்கு தருவது நியாயம்தான். ஆனால் அந்தச் சுற்றுகிற படகுகளில் எல்லாரும் ரீல் ஜோடி இல்லை. லண்டன் வாடகை கட்ட முடியாமல் படகேறினவர்களும் இருக்கிறார்கள், நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால ஏறினவர்கள் மாதிரியே. ரெண்டு பேருக்கும் ஒரே பில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரூம்மேட்டும் அவன் ஆளும் இன்னும் படகை விடல. போன வாரம் வீடியோ காலில் ஒரு மணி நேரம் சண்டை. டாய்லெட் டப்பாவை யார் தூக்குவது என்று. அவள் வாரம் மாற்றி வாரம் என்கிறாள், இவன் எஞ்சின் முழுக்க தானே பார்த்துக்கொள்கிறேன், இதை நீ பாரு என்கிறான். எஞ்சினைப் பார்க்க அவளுக்கும் தெரியும், அவள் மெக்கானிக்கல். இவன் ஐ.டி.