சினிமாத் திருடனும் சிறைக் கதவும்

சினிமாவில் திருடன் தப்பி ஓடினால் நம் மக்களுக்கு உண்டாகும் ஆனந்தத்திற்கு அளவே இல்லை. நூறு போலீஸ்காரர் சூழ்ந்து நின்றாலும் கதாநாயகன் ஒருவனே அவ்வளவு பேரையும் அடித்துப் போட்டுவிட்டு மதிலைத் தாண்டுகின்றான். கொட்டகையில் விசில் பறக்கின்றது.

இந்தப் பைத்தியம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. பிலிப்பைன்ஸ் தேசத்தில் ஜோசப் எஸ்ட்ராடா என்னும் நடிகர் 1961ல் மணிலா நகரத்து ரௌடி ஒருவனாக வேஷம் போட்டார். இப்படிப்பட்ட வேஷங்களால் ஏழை பங்காளன் என்று பெயர் வாங்கி, 1998ல் ஜனாதிபதியாகவும் வந்துவிட்டார். 2001ல் ஜனங்கள் தெருவில் திரண்டு அவரை இறக்கினார்கள். பொதுப்பணத்தைக் கொள்ளையடித்ததற்காக 2007 செப்டம்பரில் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே, அவருக்குப் பின் வந்த ஜனாதிபதி மன்னிப்பளித்துவிட்டார். படத்தில் தப்புவதற்குக் குத்துச்சண்டை வேண்டியிருந்தது. நிஜத்தில் ஒரு கையெழுத்தே போதுமானதாயிற்று!

நிற்க, நமது நாகர்கோவில் சங்கதிக்கு வருவோம். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொலையுண்ட வழக்கில் தியாகராஜ பாகவதருடன் கைதானார். 1945ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டு அப்பீலும் தள்ளுபடி. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பவும் சென்னைக்கு வந்து, 1947 ஏப்ரலில் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள். அதே வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டு, முதல் விசாரணையிலேயே விடுவிக்கப்பட்ட ஸ்ரீராமுலு நாயுடுதான் 1954ல் 'மலைக்கள்ளன்' படம் எடுத்தவர். படத்துக் கள்ளன் சாமர்த்தியத்தால் தப்பினான். எடுத்தவரும் கலைவாணரும் தப்பியது சட்டத்தால்.

"கடவுள் காப்பாற்றினார்" என்பார் உண்டு. அப்படியானால் குற்றமற்றவரை இரண்டு வருஷத்திற்கு மேல் சிறையில் வைத்தது எந்தக் கடவுள்? காப்பாற்றியது வக்கீல்களின் வாதமும், லண்டன் வரை போவதற்கு வேண்டிய பணமுமேயாகும். அந்தப் பணமில்லாத ஒரு நாஞ்சில் நாட்டுக் கூலிக்காரனாயிருந்தால் அவன் கதி என்ன?

பார்ப்பான் கொலைத் தண்டனைக்குரிய குற்றம் செய்தாலும் தலையை மழித்தால் போதும் என்கின்றது மனுதர்மம். அன்று ஜாதி பார்த்துத் திறந்த கதவு இன்று பணம் பார்த்துத் திறக்கின்றது. 2022ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பே கூறப்படாத விசாரணைக் கைதிகள்! இவர்களுக்காக எந்தக் கொட்டகையில் விசிலடித்தோம்?

தோழர்களே! படம் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மதில் தாண்டும் வீரன் ஒருவன் வந்து நம்மை மீட்பான் என்கின்ற நம்பிக்கை, அவதாரம் வரும் என்கின்ற புரட்டின் மறுபதிப்பே என்றுதான் சொல்லுகின்றோம். 1987ஆம் வருஷச் சட்டப்படி மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கின்றது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், காவலில் இருப்போருக்கும் வருமானம் பாராமல் இலவசமாய் வக்கீல் வைத்துக் கொடுப்பது அதன் கடமை. இதை அறிந்தவர் நம் கிராமங்களில் எத்தனை பேர்?

மணிமேடையில் கலைவாணர் சிலைக்கு மாலை போடுகின்றவர்கள், அத்துடன் நில்லாமல் இந்தச் செய்தியை வீடு வீடாய்ச் சொல்லட்டும். சிரிக்க வைத்து அறிவு புகட்டிய அம்மனிதருக்கு அதுவே உண்மையான மரியாதையாகும்.